டாக்டர் தவசிலிங்கம் பாத்திரக் கடை

அந்தக் குடத்து மேல தாராளமா கை வச்சுக்கங்க சார், ஒண்ணும் ஆகாது. கனமான எவர்சில்வர். பேப்பர் சுத்தியிருக்கேன், அவ்வளவுதான். மேல வைக்கலாம்னா கண்டக்டர் விட மாட்டேங்கிறான். பிரேக் போட்டா எவன் மண்டையிலயாவது விழும்ங்கிறான். கீழ வச்சா சொட்டை விழுந்துரும். அதான் மடியில வச்சிருக்கேன். அருப்புக்கோட்டையில ஏறுனதுலேர்ந்து இப்பிடித்தான், மதுரை வரைக்கும் இப்பிடித்தான். உங்களுக்கு இடிச்சா சொல்லிருங்க.

நம்ம பேரு டாக்டர் தவசிலிங்கம்.

ஐயய்யோ, முழங்காலக் காட்டாதீங்க சார். பேண்ட கீழ விடுங்க. நான் அந்த டாக்டர் இல்ல.

இதே ரோதனைதான் சார். கடை போர்டுல டாக்டர்னு எழுதுன நாள்லேர்ந்து நிம்மதி இல்ல. குக்கர் வாங்க வந்த பொம்பளை, குக்கரக் கீழ வச்சுட்டு நாக்க நீட்டுது. 'அம்மா, மேல பாருங்க, டாக்டர் தவசிலிங்கம் பாத்திரக் கடைன்னு போட்டிருக்கு, பாத்திரக் கடைல எதுக்கு நாக்க நீட்டுறீக'ன்னேன். 'பரவால்ல, வந்தது வந்துட்டேன், பாத்துச் சொல்லுங்க'ங்குது. நான் என்னத்தப் பாக்க? 'சூடா எதுவும் சாப்பிடாதீங்க'ன்னு சொல்லி அனுப்புனேன். அதுக்கு சரியாவும் போச்சாம், அது வேற விசயம்.

இது வேற டாக்டர் சார். யூனிவர்சிட்டில குடுக்குற பட்டம். எப்பிடி வந்துச்சுன்னு கேக்குறீங்களா? கேக்கலியா? பரவால்ல, மதுரை வர நேரம் கெடக்கு.

எங்க ஊர்ல நல்லமுத்துன்னு ஒருத்தரு. எந்த விழான்னாலும் மேடையில ஓரமா நிப்பாரு. மைக் சரி பண்ற ஆளுன்னு நெனப்போம். கடைசில பாத்தா அவருதான் நன்றியுரை சொல்லிக்கிட்டு இருப்பாரு. அவரு ஒரு நாள் கடைக்கு வந்து, 'அண்ணாச்சி, உங்களுக்கு இன்னும் யாரும் டாக்டர் பட்டம் குடுக்கலியா?'ன்னாரு. என்னமோ ரேசன் கார்டு இன்னும் வரலியான்னு கேக்குற மாதிரி.

'எனக்கு எதுக்கு நல்லமுத்து, நான் எட்டாப்பு'ன்னேன்.

'அண்ணாச்சி, பாத்திரத்துல பேரு வெட்டுறதுக்குக் காசு வாங்குறீங்களா?'

பேரு வெட்டுறதுன்னா தெரியும்ல சார்? கல்யாணம் காட்சிக்குக் குடுக்குற பாத்திரத்துல, குடுக்குறவுக பேர மெசின வச்சுப் பொறிக்கிறது. எங்க கடையில நான்தான் வெட்டுவேன். என் கையெழுத்து அருப்புக்கோட்டையில பாதி வீட்டு அடுப்படில இருக்கு. 'பாத்திரம் வாங்குனா பேரு வெட்டுறது ஓசிதான்'னேன்.

'எவ்வளவு காலமா?'

'எங்கப்பா காலத்துலேர்ந்து.'

அவரு அப்பிடியே கையெடுத்துக் கும்பிட்டாரு சார். 'ரெண்டு தலைமுறையா இலவச சேவை! உங்களுக்குக் குடுக்காம வேற யாருக்கு அண்ணாச்சி குடுக்குறது?'ன்னாரு. எனக்கே அப்பத்தான் தெரிஞ்சுச்சு, நான் சேவை செஞ்சுக்கிட்டு இருந்திருக்கேன்னு.

குடுக்குறது மூன்லைட் ஐலண்ட் இன்டர்நேசனல் யூனிவர்சிட்டி. தீவுல இருக்கு. எந்தத் தீவுன்னு கேட்டேன், நான் ஒண்ணும் விவரம் இல்லாதவன் இல்ல. பசிபிக் சமுத்திரம்னாரு. ஒரு நட போய்ப் பாத்துட்டு வரலாமான்னேன். 'இப்ப வேண்டாம் அண்ணாச்சி, அங்க கடல் மட்டம் ஏறிக்கிட்டு இருக்கு'ன்னாரு. நம்ம மேல எவ்வளவு அக்கறை பாருங்க. நன்கொடைன்னு ஒண்ணு குடுத்தேன். எவ்வளவுன்னு கேக்காதீங்க. சொர்ணத்தாய்க்கே இன்னும் சொல்லல. சொர்ணத்தாய் என் வீட்டுக்காரி.

விழா மெட்ராஸ்ல, ஏ.சி. ஹால்ல. எனக்கு முன்னால ஒரு ஜோசியரு, எனக்குப் பின்னால ஒரு புரோட்டா மாஸ்டரு. எல்லாருக்கும் கருப்புக் கவுனு, தட்டு மாதிரி தொப்பி. வேந்தர்னு ஒருத்தர் வந்தாரு. தங்கக் கலர் கவுனு, காலுக்கு வெள்ளை ஷூ. பேரு வாசிக்க வாசிக்கப் போய் வாங்கணும். என் பேர வாசிச்சாக. நான் மேடையேறிட்டேன். கீழ எல்லாரும் கை தட்டுறாக. கண்ணு கலங்கிருச்சு சார், பொய் சொல்லல. நமக்கு எவன் கை தட்டுனான் இதுவரைக்கும்? கீழ எறங்குனதும், கவுனக் கழட்டுங்க, அடுத்த பேட்ச் படியில நிக்குதுன்னாக. நான் கழட்டல. வெலைக்கே கேட்டு வாங்கிட்டு வந்துட்டேன். அந்தக் கவுனோட எடுத்த போட்டோதான் இன்னைக்கும் என் செல்லுல முகப்புல இருக்கு. இந்தா பாருங்க. ம்? கொஞ்சம் தொப்பையாத் தெரியும், அது கவுன் தைச்ச லட்சணம்.

ஊருக்கு வந்து மொத வேலையா போர்ட மாத்துனேன். அப்பறம் வீட்டுல இருந்த பாத்திரம் ஒண்ணு விடல. தூக்குவாளி, சம்படம், பால் சொம்பு, எல்லாத்துலயும் 'டாக்டர் அ. தவசிலிங்கம்'. காபி டம்ளர்ல வெட்டுனேன். டம்ளர் என்ன, சின்னக் கரண்டி இருக்குல்ல, புள்ளைகளுக்கு மருந்து ஊத்துற கரண்டி, அதோட காம்புல வெட்டுனேன் சார்! ஒரு எழுத்து குறைக்கல. கை தேர்ந்திருந்தா எங்கயும் எடம் பண்ணலாம். சொர்ணத்தாய் தலையில அடிச்சுக்கிட்டா. 'இனிமே இந்த வீட்டுக்குத் திருடன் வந்தாலும் ஒண்ணையும் தொட மாட்டான், வெளிய விக்க முடியாது'ன்னா. அவளுக்குப் படிப்பு வாசனை கெடையாது.

எல்லாரும் சந்தோசப்பட்டாக. ஒரே ஒரு ஆளுக்குத்தான் பொறுக்கல. யாருன்னு நெனைக்கிறீங்க? எம் மக. மாரீஸ்வரி. ஒரே மக.

அவ யூனிவர்சிட்டில, மதுரையத் தாண்டி, இதே டாக்டர் பட்டத்துக்குத்தான் படிச்சுக்கிட்டு இருந்தா. படிச்சா படிச்சா, வருசக்கணக்காப் படிச்சா. நான் ஒரு பகல்ல போய் வாங்கிட்டு வந்தத, இவ வாங்க முடியாம கெடக்கா. வீட்டுக்கு வந்தா கண்ணுக்குக் கீழ கருவளையம். எனக்கு உள்ளுக்குள்ள ஒரே கவலை, புள்ளைக்கு மூளை கொஞ்சம் மந்தமோன்னு. அவ அம்மா வழி. வாய விட்டுச் சொல்லல. ஒரு நாள் மனசு கேக்கல. அவ சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது, 'ஏன் ஈஸ்வரி இப்பிடிக் கஷ்டப்படுற? நான் வேணா வேந்தர்கிட்ட ஒரு வார்த்தை சொல்றேன். ஒரே குடும்பம்னா சலுகை உண்டாம்'னேன்.

சோத்துல கை வச்சவ அப்பிடியே எந்திரிச்சுட்டா சார்.

'அப்பா, அது யூனிவர்சிட்டியே இல்ல. அதுக்கு அங்கீகாரம் கெடையாது. அரசாங்க லிஸ்ட்ல அப்பிடி ஒரு பேரே கெடையாது'ன்னா.

'அரசாங்க லிஸ்ட்ல நம்ம கடை பேரும்தான் இல்ல. அதுக்காக நம்ம பானையில தண்ணி நிக்காமலா போயிருது?'ன்னேன்.

போய்க் கதவச் சாத்திக்கிட்டா. நான் ஜெயிச்சுட்டேன், ஆனா வீட்டுல யாரும் சாப்பிடல.

கடலை சாப்பிடுங்க சார். அட, எடுத்துக்கங்க.

அப்பறம் என்ன நெனச்சாளோ, திடீர்னு மாறிட்டா. ஆராய்ச்சித் தலைப்ப மாத்திட்டேன்னு மட்டும் சொன்னா. ஞாயித்துக்கிழமை ஆனா கடைக்கு வருவா, ஸ்டூலப் போட்டு எதுத்தாப்புல உக்காருவா. 'அப்பா, நீங்க பட்டம் வாங்குன கதையச் சொல்லுங்க'ம்பா. மேடையில எப்பிடி இருந்துச்சு, நல்லமுத்து என்ன சொன்னாரு, ஊர்ல எப்பிடிப் பாக்குறாக, ஏன் வாங்கணும்னு தோணுச்சுன்னு நோண்டி நோண்டிக் கேப்பா. எனக்கு வாயெல்லாம் பல்லு. பெத்த மக நம்ம பெருமையக் கேக்கும்போது எவனுக்கு இனிக்காது? போட்டோவெல்லாம் எடுத்துக் குடுத்தேன். செல்லுல பதிவு பண்ணிக்கவான்னா. அது மட்டும் வேண்டாம்னுட்டேன். வியாபாரி பேச்சு பதிவாகக் கூடாது சார். நாளைக்கு ஜி.எஸ்.டி. ஆபீசரு கேட்டா என்னத்துக்கு ஆகுறது? அவ கையாலயே எழுதிக்கிட்டா.

ஒரு பேப்பர நீட்டி, 'படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்கப்பா. நீங்க சொன்னத என் ஆராய்ச்சில எழுதப் போறேன். உங்க பேரு வராது, முகம் வராது'ன்னா. மக நீட்டுற பேப்பர எந்த அப்பன் படிச்சுப் பாப்பான்? 'பேரு வந்தாத்தான் வரட்டுமே, டாக்டர்னு சேத்துப் போடு'ன்னு சொல்லிக் கையெழுத்தப் போட்டேன். ஊர்ல பெரிய மனுசங்களப் பத்தி ஆராய்ச்சி பண்றா போலன்னு நெனச்சுக்கிட்டேன். நெனப்பேன்ல?

கடைசியா அவளுக்கு அந்த நாள் வந்துச்சு. அதுக்குப் பேரு பொது வாய்மொழித் தேர்வு. பட்டம் குடுக்குறதுக்கு முன்னால வெளியூர்லேர்ந்து ஒரு பேராசிரியர வரவழைச்சு, எல்லாத்துக்கும் முன்னால நிக்க வச்சுக் கேள்வி கேக்க விடுறாக. யாரு வேணாலும் உள்ள போய் உக்காரலாம், யாரு வேணாலும் கேக்கலாம். இந்தா நிக்கிறானே, இந்தக் கண்டக்டர் போய்க் கேட்டாலும் அவ பதில் சொல்லியாகணும். அங்க வந்தவரு சரியில்லைன்னு சொல்லிட்டா, போய்த் திருத்தி எழுதிட்டு வான்னு அனுப்பிருவாக. மறுபடி ஒரு வருசமோ ரெண்டு வருசமோ. அவளுக்கு வேலை வேற ஒரு காலேஜ்ல சொல்லி வச்சிருந்தாக, பட்டத்தோட வந்தாத்தான் சேத்துக்குவோம்னு. எங்க மூன்லைட்ல அந்த வம்பே கெடையாது. யாரும் ஒரு கேள்வி கேக்கல, ரெண்டு வகை ஸ்வீட்டோட சாப்பாடு போட்டாக.

அதுக்கு மொத நாளே மாரீஸ்வரி என்னைய உக்கார வச்சுப் பேசுனா. 'அப்பா, நீங்க வரணும். நீங்க வராம எனக்கு எப்பிடி? ஆனா கடைசி வரிசையில உக்காரணும். டாக்டர்னு யார்கிட்டயும் சொல்லக் கூடாது. என்ன நடந்தாலும் வாயத் தொறக்கக் கூடாது'ன்னா. கவுன் போட்டுக்கவான்னு கேட்டேன். அவ அம்மாவப் பாத்தா. சொர்ணத்தாய் கவுன எடுத்து பீரோவுல வச்சுப் பூட்டிச் சாவிய முந்தானையில முடிஞ்சுக்கிட்டா.

போனோம். லட்டு, காராச்சேவு எல்லாம் சொர்ணத்தாய் சம்படத்துல கட்டிக் கொண்டாந்தா. வாசல்ல ஒரு ஆளு, வந்தவுக எல்லாம் பேரெழுதிக் கையெழுத்துப் போடணும்னு நோட்ட நீட்டுனான். பழக்கம் சார். பேனாவத் தொட்டா தன்னால வருது. டாக்டர் அ. தவசிலிங்கம்னு போட்டுட்டேன். அவன் பாத்தான், சம்படத்துலயும் டாக்டர்னு வெட்டியிருக்கிறதப் பாத்தான். 'வாங்க சார், முன்னால வாங்க'ன்னு கையப் புடிச்சு மொத வரிசையில, சோபாவுல உக்கார வச்சுட்டான். காபி குடுத்தான். வெளியூர்ப் பேராசிரியரு என்னையப் பாத்துத் தலைய ஆட்டுனாரு. நானும் ஆட்டுனேன். ரெண்டு பேரும் ஒரே ஜாதி இல்லையா, படிச்ச ஜாதி. மாரீஸ்வரி மேடையிலேர்ந்து என்னைய ஒரு பார்வை பாத்தா பாருங்க. காபி அப்பவே ஆறிப் போச்சு.

அப்பறம் லைட்ட அணைச்சு, திரையில தலைப்பப் போட்டாக. நான் எழுத்துக்கூட்டி வாசிச்சேன். 'அங்கீகாரமற்ற பல்கலைக்கழகங்களும் அவற்றில் பட்டம் பெறுவோரும்.'

எனக்கு அப்பவும் புரியல சார். யாரோ பாவம், மாட்டுனாங்கன்னுதான் நெனச்சேன்.

பாதி இங்கிலீஷ், பாதி தமிழு. சரளமாப் பேசுனா. எனக்கே ஆச்சரியம், இந்தப் புள்ளையவா மந்தம்னு நெனச்சோம்னு. திடீர்னு ஒரு போட்டோ வந்துச்சு. முகத்த மட்டும் அழிச்சிருந்தா. முகத்த அழிச்சா ஆச்சா? அந்தத் தொப்பை யாரோடது? வெலைக்கு வாங்குன கவுனு யாரோடது? கையில போட்டிருந்த பவள மோதிரம் யாரோடது? சொர்ணத்தாய் சத்தமா, 'என்னங்க, அது நம்ம மோதிரம் மாதிரி இல்ல?'ங்கிறா. வாய மூடுன்னேன். கையத் தொடைக்கு அடியில வச்சுக்கிட்டேன்.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! பெத்த மக, பெத்த அப்பன செவுத்துல ஒட்டி வச்சு, 'இவர்கள் ஏமாந்தவர்கள் மட்டும் இல்லை, ஏமாற விரும்பியவர்கள்'னு குச்சிய நீட்டிப் பாடம் எடுக்குறா. எந்திரிச்சுப் போயிரணும்னு செருப்பத் தேடுனேன். ஒரு செருப்பு சோபாவுக்கு அடியில போயிருச்சு. அதக் காலால இழுத்துக்கிட்டு இருக்கும்போதுதான் அடுத்தது வந்துச்சு. தென் மாவட்டத்து வியாபாரி ஒருத்தரு சொன்னது, அவரு பாசையிலயே போட்டிருக்கேன்னு சொல்லி எழுத்துல போட்டா. இப்பவும் அப்பிடியே சொல்லுவேன் சார்.

'எம் மகளக் காலேஜ்ல சேக்கப் போனப்ப, அங்க இருந்த சாரு, அப்பா என்ன படிச்சிருக்காருன்னு கேட்டாரு. பாத்திரக் கடைன்னேன். கடையக் கேக்கல, படிப்பக் கேட்டேன்னாரு. எட்டாப்புன்னேன். வரிசையில நின்ன யாரோ சிரிச்சாக. எம் மக தரையப் பாத்தா. அது எனக்கு மறக்கல. அதுக்குத்தான் பட்டம் வாங்குனேன். இன்னொரு தடவ எம் மக தரையப் பாக்கக் கூடாது.'

நான் சொன்னதுதான். வாஸ்தவம். ஒரு ஞாயித்துக்கிழமை மழை பேஞ்சு கடையில ஆளில்லாதப்ப, வாய் தவறி வந்துருச்சு. அவ எழுதிக்கிட்டே இருந்தா. தலைய நிமித்தவே இல்ல. நோட்டுல மழைத்தண்ணி சொட்டியிருந்துச்சு. ஓடு ஒழுகலையேன்னு மேல பாத்தேன்.

காரியாபட்டி வந்துருச்சா? சரி, சரி. சுருக்கமா முடிக்கிறேன்.

அந்த வெளியூர்ப் பேராசிரியரு கண்ணாடியக் கழட்டுனாரு. 'அம்மா, இது நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு. அதான் எனக்குச் சந்தேகம்'னாரு.

'என்ன சந்தேகம் சார்?'

'இது சினிமா வசனம் மாதிரி இருக்கு. காசு குடுத்துப் பட்டம் வாங்குன ஒரு ஆளு, முன்னப்பின்ன தெரியாத ஆராய்ச்சி மாணவிகிட்ட மனசத் தொறந்து இப்பிடிச் சொல்லுவானா? நீங்களே எழுதிட்டீங்கன்னு நெனைக்கிறேன். பதிவு இருக்கா?'

'பதிவு பண்ண அவரு சம்மதிக்கல சார்.'

'ஆளு யாரு?'

'பேரு சொல்ல மாட்டேன்னு வாக்கு குடுத்திருக்கேன் சார்.'

'அப்ப நான் எத வச்சு நம்புறது? இந்த ஆராய்ச்சியே இந்த அத்தியாயத்து மேலதான் நிக்கிது. இத எடுத்துட்டு, பதிவோட வேற ஆளுங்கள வச்சு எழுதிட்டு வாங்க. அப்பறம் பாப்போம்'னாரு.

அவளுக்கு வழிகாட்டியா இருந்த மேடம் என்னமோ சொல்ல வந்தாக, மாரீஸ்வரி கையக் காட்டி வேண்டாம்னுட்டா. அவ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் சார். இந்தா, சோபாவுல உக்காந்திருக்காரே, இவருதான்னு விரல நீட்டியிருக்கலாம். நீட்டல. வருசக்கணக்காப் படிச்சது போனாலும் போகட்டும்னு வாய மூடிக்கிட்டு நிக்கிறா. கொஞ்ச நேரத்துல தலை மெதுவாக் கீழ போச்சு. தரையப் பாக்குறா.

எந்திரிச்சுட்டேன். ஒரு கால்லதான் செருப்பு. சொர்ணத்தாய் சட்டையப் புடிச்சு இழுக்குறா, 'உக்காருங்க, புள்ள சொல்லியிருக்குல்ல, உக்காருங்க'ன்னு. அவ, நான் கெடுக்கப் போறேன்னு பயந்துட்டா. பேராசிரியரு திரும்பி, மரியாதையா, 'சொல்லுங்க டாக்டர்'னாரு. ஒரு பெரிய படிப்புப் படிச்ச மனுசன் வாயால என்னைய டாக்டர்னு கூப்பிட்டது அதான் மொத தடவ. காது குளுந்துச்சு, பொய் சொல்லக் கூடாது.

'ஐயா, அந்த வியாபாரி நான்தான். அது என் தொப்பைதான்'னேன்.

ஹாலு கொல்லுனு சிரிச்சுச்சு. அவரு சிரிக்கல. நம்பாம பாத்தாரு. மோதிரத்தக் காட்டுனேன். செல்ல எடுத்து முகப்பக் காட்டுனேன். அதே போட்டோ, முகத்தோட. 'பதிவு வேண்டாம்னு சொன்னது நான்தான்யா, புள்ள மேல தப்பு இல்ல. வசனமும் அவ எழுதல. நான் சொன்னது'ன்னு, திரையப் பாக்காம அத்தனையும் திருப்பிச் சொன்னேன். கடைசி வரிய மட்டும் ரெண்டு தடவ சொல்ல வேண்டியதாப் போச்சு. காபில சர்க்கரை ஜாஸ்தி, அதான்.

'உங்க பேரு?'ன்னாரு.

வாயத் தொறந்தேன். 'டாக்'குங்கிற வரைக்கும் நாக்கு நுனிக்கு வந்துருச்சு சார். மென்னு முழுங்கிட்டு, 'தவசிலிங்கம்'னேன்.

'என்ன படிச்சிருக்கீங்க?'

'எட்டாப்பு.'

இந்தத் தடவ யாரும் சிரிக்கல.

அவரு மாரீஸ்வரி பக்கம் திரும்பி, 'இவர உங்களுக்கு எப்பிடித் தெரியும்?'னாரு. நான் கண்ணால சாடை காட்டுனேன், தெரியாதுன்னு சொல்லிரு, யாரோ ஒரு ஆளுன்னு சொல்லிருன்னு. அவ தலைய நிமித்துனா.

'எங்க அப்பா சார். பாத்திரக் கடை வச்சிருக்காரு'ன்னா.

தரையப் பாக்கல சார். நேரா அவரு மூஞ்சியப் பாத்து, மைக்குல சொன்னா.

அப்பறம் அந்த மேடம், உறவுக்காரர் ஒருத்தர்கிட்டயும் கேட்டிருக்கேன்னு அவ மொதல்லயே எழுதியிருக்கான்னு பக்கத்தப் பொரட்டிக் காட்டுனாக. அவரு படிச்சாரு. கண்ணாடியப் போட்டாரு. 'பெத்த அப்பாவையே ஒளிக்காம எழுதியிருக்கீங்க, இதுக்கு மேல நான் என்னத்தக் கேக்க'ன்னு சொல்லி, பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன்னு அறிவிச்சாரு. ஒரே கைத்தட்டு. எல்லாரும் எந்திரிச்சு, 'வாழ்த்துகள் டாக்டர், வாழ்த்துகள் டாக்டர்'னு வராக. நானும் கையக் குடுத்து நன்றி நன்றின்னேன். பாத்தா எல்லாம் என்னையத் தாண்டிப் போறாக. அவளுக்காம்.

இப்ப நீங்களே சொல்லுங்க சார், நியாயத்தச் சொல்லுங்க. என் பட்டம் இல்லாட்டி அவளுக்குப் பட்டம் ஏது? மூன்லைட் மட்டும் எனக்குக் குடுக்கலேன்னா இவ எதப் போய் ஆராய்ச்சி பண்ணியிருப்பா? இதச் சொன்னா வீட்டுல ரெண்டு பேரும் சிரிக்கிறாக. புத்தகமாக் கட்டுன ஆராய்ச்சில நன்றின்னு ஒரு பக்கம் போட்டிருக்கா. மேடம் பேரு, லைப்ரரி, சிநேகிதப் புள்ளைக, எல்லாத்தையும் போட்டுட்டு, கடைசில 'என் அப்பாவுக்கு, உண்மையைச் சொன்னதற்காக'ன்னு ஒரே ஒரு வரி. அதுலயும் டாக்டர் போடல!

அத வச்சு நான் ஒண்ணும் சங்கடப்படல. அந்தப் பக்கத்த மட்டும் ஜெராக்ஸ் எடுத்து, லேமினேசன் போட்டு, கல்லாவுக்கு மேல மாட்டியிருக்கேன். வர்றவுக வாசிச்சுட்டுப் போறாக.

இன்னைக்கு மத்தியானம் அவளுக்குப் பட்டமளிப்பு விழா. அவுக அம்மா நேத்தே போயிட்டா. மாரீஸ்வரி கவுன வாடகைக்கு எடுக்குறாளாம். வீட்டுல சொந்தமாவே ஒண்ணு இருக்கே, கொண்டாரவான்னு போன் பண்ணுனேன். 'நீங்க வாங்கப்பா, அது போதும். மொத வரிசையிலயே உக்காருங்க'ன்னா. அதான் சட்டைக்கெல்லாம் இஸ்திரி போட்டு, குடத்தத் தூக்கிட்டுக் கெளம்பிட்டேன். கடையிலயே பெரிய குடம் இதான்.

எறங்க வேண்டியவுக எந்திரிக்கிறாக, மதுரை வந்துருச்சு போல. நீங்க இன்னும் குடத்தப் பாக்கவே இல்லையே. இந்தப் பக்கம் புடிங்க, பேப்பரப் பிரிக்கிறேன். மெதுவா. நேத்து கடையச் சாத்தி வச்சுட்டு நானே வெட்டுனது. வாசிங்க. 'முனைவர் த. மாரீஸ்வரி.' எழுத்து எப்பிடி நிக்கிது பாத்தீங்களா? கீழ வாசிங்க. 'அன்பளிப்பு: அப்பா, அ. தவசிலிங்கம், பாத்திரக் கடை.' அவ்வளவுதான் சார்.

என்ன, குடத்தச் சுத்திச் சுத்திப் பாக்குறீங்க? அந்தப் பக்கம் ஒண்ணும் இல்ல, வழுவழுன்னுதான் இருக்கும். என்னது, டாக்டரா? போடணும்னுதான் மெசினக் கையில எடுத்தேன்.

எடம் பத்தல சார்.